கம்பியில்லா இணையம்

"கம்பி ஒன்றும் காணோமே, பின் எப்படி சாமி துபாயிலிருந்து என் மகன் முகம் இந்தக் கண்ணாடித் துண்டுக்குள் வந்து நிற்கிறது?" என்று நோணாங்குப்பத்து மூதாட்டி ஒருவர் அண்மையில் நம்மிடம் வினவினார். அருகில் நின்ற பேரன், "அது வைஃபை பாட்டி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். பெயரைச் சொல்லிவிடுவது விளக்கமாகாது. அந்தப் பேரனும் பெயருக்கு அப்பால் ஏதும் அறிந்திலன் என்பது, அடுத்து நாம் கேட்ட இரண்டு வினாக்களிலேயே புலனாயிற்று. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், கம்பியில்லா இணையம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை நம் பங்குக் குடும்பங்களுக்கு இயன்றவரை எளிமையாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். செய்தி "காற்றில் வருகிறது" என்று நாம் யாவரும் சொல்லிப் பழகிவிட்டோம். காற்றில் வருவது ஒலி. வானொலி அலைக்குக் காற்று தேவையில்லை. வெற்றிடத்திலும் அது செல்லும். கதிரவனின் ஒளி வெட்டவெளியைக் கடந்து வந்து நம் முற்றத்தில் விழுவதுபோலவே அதுவும் வருகின்றது. உண்மையில் ஒளியும் வானொலி அலையும் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள். இரண்டும் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் விரைவில் செல்பவை. அலையின் நீளத்தில்தான் வேறுபாடு. ஒளியின் அலை கண்ணுக்குப் புலனாகாத அளவுக்குக் குறுகியது. மத்திய அலை வானொலியின் அலை சில நூறு மீட்டர் நீளமுடையது. வீட்டு வைஃபைப் பெட்டி அனுப்பும் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ அரைச்சாண். நொடிக்கு 240 கோடி முறை அது அதிர்கின்றது.

இத்தகைய அலைகள் இருந்தே தீரவேண்டும் என்று 1865-ஆம் ஆண்டு கணக்கினால் காட்டியவர் மாக்ஸ்வெல். ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் படைத்துக் காட்டியவர், 1880-களின் இறுதியில், ஜெர்மானியரான ஹெர்ட்ஸ். இவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். ஆனால் நம்மவர் அறியாத வேறு சிலரும் உளர். பாரீசுக் கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த எதுவார் பிரான்லி, வானொலி அலை வந்து சேர்வதை உணர்ந்து காட்டும் கருவியை 1890-இல் அமைத்தார். 1899-இல் மார்க்கோனி ஆங்கிலக் கால்வாய்க்குக் குறுக்கே கம்பியில்லாத் தந்தி அனுப்பியபோது, பிரான்லிக்கு மரியாதை தெரிவித்தே ஒரு செய்தி விடுத்தார். பாரீசில் குடியேறிய நம் புதுவைக் குடும்பங்கள் ஐபெல் கோபுரத்தை அடுத்துச் செல்லும் கே பிரான்லி என்னும் ஆற்றங்கரைச் சாலையை அறிவார்கள், அப்பெயர் இவருடையதே. நம் நாட்டில் 1895-இல் கல்கத்தாவில், இடையில் கம்பி ஏதுமின்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தவர் ஜகதீச சந்திர போஸ். அவருக்குப் பௌதிகத்தில் ஆர்வமூட்டியவர் புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு லாஃபோன் அடிகள். பிரேசில் நாட்டிலோ லாந்தெல் தெ மோரா என்னும் மறைமாவட்டக் குரு, 1900-ஆம் ஆண்டிலேயே மனிதக் குரலைக் கம்பியின்றி அனுப்பிக் காட்டினார். நம் குருக்களுள் ஒருவர் என்பதற்காக அவரை உயர்த்திச் சொல்லவில்லை. அமெரிக்கா 1904-இல் அவருக்கு மூன்று காப்புரிமைகளை வழங்கியிருக்கின்றது.

வத்திக்கான் வானொலியை மார்க்கோனியே நிறுவ, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931 பிப்ரவரி 12 அன்று அதனைத் தொடங்கிவைத்தார் என்பதும், 1933-இல் வத்திக்கானுக்கும் காஸ்தெல் கந்தோல்போ கோடைமனைக்கும் இடையே நுண்ணலைத் தொலைபேசியை மார்க்கோனி அமைத்தார் என்பதும் அறியத்தக்கவை. இன்று நம் தெருமுனைக் கோபுரங்களில் முரசு போன்று காணப்படும் வட்டத் தட்டுகள் செய்வதும் அதே பணியைத்தான்.

நிற்க. அலை எவ்வாறு முகத்தைச் சுமக்கிறது என்பதல்லவா அந்த அம்மையாரின் வினா?

நம் ஆலய மணியை நினைத்துப் பாருங்கள். இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் துக்கமணி. தொடர்ந்து முழங்கினால் திருவிழா. மணி ஒன்றுதான், ஓசையும் ஒன்றுதான். அடிக்கும் முறையிலே செய்தி அடங்கியிருக்கின்றது. வானொலி அலையும் அந்த மணியோசையைப் போன்றதே. அது தன்னளவில் ஒன்றும் சொல்வதில்லை. அதனைச் சற்றே கூட்டியும் குறைத்தும், முன்தள்ளியும் பின்தள்ளியும் மாற்றும்போது, அம்மாற்றங்களே எழுத்துகளாகின்றன. கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: பூச்சியமும் ஒன்றும். மகனது முகத்தைக் கைபேசியின் படக்கருவி இலட்சக்கணக்கான புள்ளிகளாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் ஓர் எண். அந்த எண்கள் பூச்சியங்களாகவும் ஒன்றுகளாகவும் மாறி, அலையின் மீது ஏறிவிடுகின்றன. இங்கே வந்திறங்கியதும் மீண்டும் எண்களாகி, நிறங்களாகி, முகமாகின்றன. குரலுக்கும் இதே வழிதான்.

ஆயினும் இவ்வளவு எண்களும் ஒரே மூட்டையாக அனுப்பப்படுவதில்லை. நீண்ட கடிதம் ஒன்றை ஓராயிரம் அஞ்சலட்டைகளில் பிரித்தெழுதி, ஒவ்வோர் அட்டையிலும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, வரிசை எண் மூன்றையும் குறித்து அஞ்சற்பெட்டியில் இடுவதாகக் கொள்ளுங்கள். அட்டைகள் வெவ்வேறு வழிகளில் செல்லலாம். முன்பின்னாக வந்து சேரலாம். பெறுபவர் வரிசை எண் பார்த்து அடுக்கிக்கொள்வார். ஓர் அட்டை காணாமற் போயிருந்தால் அதனை மட்டும் மீண்டும் அனுப்பும்படி கேட்பார். இணையம் என்பது இந்த அஞ்சலட்டை ஏற்பாடே. படக்காட்சி நடுவில் திக்கித் திணறி நிற்கும்போது, சில அட்டைகள் இன்னும் வந்து சேரவில்லை என்று அறிக. கைபேசியை உதறுவதால் அவை விரைந்து வருவதில்லை.

கம்பிவழியில் இல்லாத இடர் ஒன்று கம்பியில்லா வழியில் உண்டு. ஒரு வீட்டிலுள்ள நான்கு கைபேசிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே வேளையில் பேச முற்பட்டால் என்ன நேரும்? பங்குப் பேரவைக் கூட்டத்தில் திருவிழாக் கணக்கு வாசிக்கப்படும்போது நேர்வதுதான் நேரும். ஒருவர் சொல்வதும் விளங்காது. இச்சிக்கலை முதலில் தீர்த்துக் காட்டியவர்கள் ஹவாய்த் தீவினர். தீவுகளில் சிதறிக்கிடந்த கல்லூரிகளைக் கடலின் மேலாக வானொலி அலையால் இணைக்க விரும்பிய நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியர், 1971-இல் அலோஹா என்னும் வலையமைப்பை இயங்கச் செய்தார். அவரது விதி மிக எளியது: செய்தியை அனுப்பு, கிடைத்ததாக மறுமொழி வராவிடில், யாரோ குறுக்கே பேசிவிட்டார் என்று கொண்டு, சீட்டுக் குலுக்கியதுபோல் ஏதோவொரு சிறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பு. இருவரும் வெவ்வேறு நேரம் காத்திருப்பதால் மறுமுறை மோதல் பெரும்பாலும் நேராது. இன்றைய வைஃபை இன்னும் நாகரிகமானது. பிறர் பேசுகின்றனரா என்று முதலில் செவிமடுத்து, அமைதி நிலவினாலன்றி வாய் திறப்பதில்லை. இதற்கான உலகப் பொதுவிதிகள் 1997-இல் வகுக்கப்பட்டன. வைஃபை என்னும் பெயர் 1999-இல் வந்தது. நம் நாட்டில் வீட்டில் இதனை வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டாம் என்னும் நிலை 2005-இல் ஏற்பட்டது.

இங்கே இன்னொரு மயக்கமும் உண்டு. கம்பியில்லா இணையம் என்பதால் வழிமுழுதும் கம்பியில்லை என்று எண்ணற்க. வீட்டுப் பெட்டியிலிருந்து கைபேசிக்கு உள்ள சில அடிகளும், கோபுரத்திலிருந்து கைபேசிக்கு உள்ள சில கிலோமீட்டருமே கம்பியற்றவை. அதற்கப்பால் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிள்தான். கடல் கடந்து செல்லும் செய்தியோ கடலடியில் செல்கின்றது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் பயன்பாட்டுக்கு வந்த கேபிள் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. வானத்திலிருந்து வருவதாக நாம் நினைக்கும் அயல்நாட்டுப் பேரனின் சிரிப்பு, மீன்களுக்குக் கீழே ஒளிக்கீற்றாக வருகிறது என்பதே உண்மை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். கம்பியில்லா வழியில் கிராமங்களை இணையத்தோடு பிணைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று எங்கோ அயல்நாட்டில் அன்று, நம் புதுவை மண்ணிலேயே நிகழ்ந்தது. இதனை நம் இளைஞர் பலர் அறியாதிருப்பது நமக்கு வியப்பும் வருத்தமும் தருகின்றது.

பொதுமக்களுக்கான இணையச் சேவை நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1998-இல், சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியுடன், புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. லூர்து அன்னையின் திருத்தலத்தால் நாம் அறிந்த வில்லியனூரே அதன் நடுமையம். வீராம்பட்டினம், எம்பலம், கீழூர், மங்கலம், நம் அண்டை ஊரான பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள் எழுந்தன. அந்நாளில் சிற்றூர்களில் தொலைபேசிக் கம்பி அரிது. இருந்தாலும் அடிக்கடி ஊமையாகிவிடும். மின்சாரமோ கேட்கவேண்டியதில்லை. ஆகவே, காவல்துறையினரும் கப்பற்காரரும் பயன்படுத்தும் வகையைச் சார்ந்த இருவழி வானொலிக் கருவிகளை நிறுவி, அவற்றின் வழியே குரலையும் கணிப்பொறிச் செய்தியையும் அனுப்பினர். மின்தடைக்கு மாற்றாகக் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகளை வைத்தனர். வில்லியனூரில் இணையத்திலிருந்து பெற்ற செய்தி, தென்னந்தோப்புகளின் மேலாக அலையேறி ஊர்தோறும் சென்றது. உர விலை, நெல் விலை, மருத்துவமனை விவரம், அரசு உதவித் திட்டம், தேர்வு முடிவு ஆகியவை தமிழில் கிடைத்தன.

மையம் எங்கே அமையவேண்டும் என்பதில் நிறுவனத்தார் ஒரு நிபந்தனை வைத்தனர். சாதி வேறுபாடின்றி ஊரார் எவரும் தடையின்றி உள்நுழையக்கூடிய பொது இடமாக அது இருத்தல் வேண்டும் என்பதே அது. எம்பலத்தில் கோவில் இடத்திலேயே மையம் அமைந்து, பெண்கள் அதனை நடத்தினர். அலைக்குச் சுவர் ஒரு பொருட்டன்று. மனிதன் எழுப்பிய சுவரைத் தாண்ட இந்த நிபந்தனை வேண்டியிருந்தது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே நின்ற சுவர்களை அறிந்த கத்தோலிக்கர்களாகிய நாம், பிறரைப் பார்த்து வியந்துகொள்ள இடமில்லை.

வீராம்பட்டினத்தின் தேவை வேறு. அங்கே வயல் இல்லை, கடலே வயல். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் உலகக் கடல்களின் அலையுயரம் பற்றிய முன்கணிப்பு வெளியாகிக்கொண்டிருந்தது. போர்க்கப்பல்களுக்கென்று கணித்த அக்கணக்கை மையத்தின் தன்னார்வலர்கள் நாள்தோறும் பெற்று, வங்கக் கடலின் நம் பகுதிக்கு உரியதைப் பிரித்தெடுத்து, தமிழில் எழுதி, கடற்கரையை நோக்கிய ஒலிபெருக்கியில் வாசித்தனர். "இன்று அலை இவ்வளவு உயரம், காற்று இத்திசை" என்று கேட்டபின் மீனவர் கட்டுமரம் இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தனர். இம்முயற்சி 2001-இல் ஸ்டாக்ஹோம் சவால் விருதைப் பெற்றது.

இவ்வமைப்பின் மெய்யான சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. நம் தெற்கே உள்ள நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியிலிருந்தார். கடல் கொந்தளித்துக் கரையேறிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு, உடனே வீட்டுக்குத் தொலைபேசினார். அவருடைய குடும்பத்தினர் ஊராருக்கு அறிவித்தனர். ஞாயிறாதலால் பூட்டிக்கிடந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்நுழைந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். ஊர் எழுந்து ஓடிற்று. ஏறத்தாழ 150 வீடுகளையும் 200 படகுகளையும் கடல் அழித்தது. 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அன்று அண்டையூர்களில் எத்தனை குழிகள் தோண்டினோம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இந்நிகழ்ச்சியை இணையத்தின் வெற்றி என்று எழுதுவோர் உளர். நாம் சற்றுக் கவனமாகப் பார்க்க விரும்புகிறோம். எச்சரிக்கை இணையத்தின் வழியே வரவில்லை. சாதாரணத் தொலைபேசியில் வந்தது. ஊருக்குச் சொன்னது கணிப்பொறியன்று. அலையுயரம் வாசிக்க வைத்திருந்த ஒலிபெருக்கி. ஆனால் ஆபத்தென்றால் அந்த மையத்தில் போய்ச் சொல்லவேண்டும், அந்தக் குரலை ஊர் நம்பும் என்னும் பழக்கம், நாள்தோறும் அலையுயரம் வாசித்த அந்த ஆண்டுகளில் உண்டானது. கதவைத்தான் உடைக்க வேண்டியிருந்தது. இன்று நம் பங்குகளில் ஒலிபெருக்கி அறையின் சாவி ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரிடம் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. இன்று கடல்நிலை அறிவிப்பு கைபேசிக்கே வருகின்றது. எனினும் அலைக்கும் ஓர் எல்லை உண்டு. கோபுரத்து அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது, உலகமோ உருண்டை. கரையிலிருந்து விலக விலகக் கோபுரம் தொடுவானுக்குக் கீழே இறங்கிவிடும், கைபேசி ஊமையாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமற் போனது. மாண்டவர்களுள் மிகப் பலர் நம் திருச்சபையின் மக்கள். கரையில் நிறைந்து வழிந்த செய்தி கடலில் ஒரு சொல்கூட இல்லை. ஆழ்கடலுக்குச் செல்லும் குடும்பத்தினர் கைபேசியை நம்பி விடைகொடுக்க வேண்டாம் என்று வேண்டுகிறோம். படகில் கடல்வழி வானொலிக் கருவி உள்ளதா, துணைக்கோள் வழியே செய்தி பெறும் கருவி உள்ளதா என்று கேட்டறியுங்கள். பழைய சிற்றலை வானொலி வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வந்ததால் கண்டங்களைக் கடந்தது. மணிலாவின் வேரித்தாஸ் ஒலிபரப்பைத் தமிழில் நாம் கேட்டு மகிழ்ந்தது அதனாலேதான். அந்நிலையம் 2018-இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறிவிட்டது. கைபேசி அலைக்கு அவ்வாறு பட்டுத் திரும்பும் ஆற்றல் இல்லை.

வீட்டுப் பயன்பாட்டைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அழகு கருதி இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு, "வேகம் இல்லை" என்று நிறுவனத்தாரை ஏசுவது முறையன்று. உலோகம் அலையை மறிக்கும். காங்கிரீட் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சும். நுண்ணலை அடுப்பு ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் இயங்குவதால், கறி சூடாகும்போது படம் திக்குவது இயல்பே. கடவுச்சொல் இல்லாமல் பெட்டியைத் திறந்து போடாதீர்கள். உங்கள் இணைப்பில் பிறர் செய்யும் குற்றத்துக்குக் காவல்துறை முதலில் தட்டுவது உங்கள் கதவையே. பேருந்து நிலையம், உணவகம் ஆகிய பொது இடங்களின் இலவச இணைப்பில் வங்கிக் கணக்கைத் திறவாதிருப்பது நலம்.

"கதிர்வீச்சு உடலைக் கெடுக்குமா?" என்று கருவுற்ற மகளிருள் சிலர் அஞ்சிக் கேட்கின்றனர். கதிர்வீச்சு என்னும் சொல்லே அச்சமூட்டுவதாக அமைந்துவிட்டது. எக்ஸ் கதிரைப்போல் உடலின் அணுக்களைச் சிதைக்கும் வகை இது அன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஆற்றல் குறைந்த வகை. வீட்டுப் பெட்டி அனுப்பும் அலையின் வலு சாதாரணமாக ஒரு வாட்டுக்கும் குறைவு. பெட்டியால் வரும் கேட்டைவிட, நள்ளிரவு தாண்டியும் அதன்முன் விழித்திருப்பதால் வரும் கேடே பெரிது என்பது நம் கருத்து. இதற்கு மருந்து மருத்துவரிடம் இல்லை. பெட்டியின் பின்புறமுள்ள பொத்தானில் உண்டு.

இதற்காக இணையத்தையே பேயென்று ஒதுக்கும் பெற்றோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் அதனைக் கடவுளின் கொடை என்றே குறிப்பிட்டார். நற்கருணைப் புதுமைகளை இணையப் பக்கமாகத் தொகுத்த கார்லோ அக்கூத்திஸ் என்னும் இளைஞர் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் இறந்தபோது வயது பதினைந்து.

இறுதியாக, அண்டைப் பங்கு இளைஞர் மன்றத்தினரின் முறையீடு ஒன்று நம்மிடம் உள்ளது. குருமனையிலுள்ள வைஃபை ஆலயத்தின் உள்ளே எட்டவில்லை, காரணம் என்ன, தீர்வு என்ன என்று கேட்டுள்ளனர். காரணம் எளிது: முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு முழக் கனத்தில் எழுப்பிய சுவர், அரைச்சாண் அலையைத் தின்றுவிடுகின்றது. தீர்வும் எளிது: பாடகர் மேடைக்கு அருகில் இன்னொரு சிறு பெட்டி பொருத்தினால் போதும். அவர்களுடைய பங்குத் தந்தையை நாம் அறிவோம், அவர் பொருத்தமாட்டார்.